அரசாங்கத்துக்கு ஒரு பிரதி

புத்தகத்தை எரிக்கச் சொல்லியும் தடை செய்யச் சொல்லியும் உலகத்தில் இதுவரை வந்த உத்தரவுகளை அடுக்கி வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் எழுதாமல் விட்ட ஒரு வரி இருக்கும்: ‘ஒரு பிரதி மட்டும் என்னிடம் இருக்கட்டும்.’ ஊரில் யார் வீட்டிலும் இருக்கக் கூடாது, என் அலமாரியில் இருந்தால் பாதகமில்லை. படித்துக் கெட்டுப்போகக் கூடியவர்கள் குடிமக்கள் மட்டும்தான். அதிகாரிகள் எதைப் படித்தாலும் கெடமாட்டார்கள். அதற்கு மேல் கெட இடமில்லையோ என்னவோ.

இந்தத் திருப்பணியைத் தொடங்கிவைத்த பெருமையைச் சீனத்துச் சின் ஷி ஹுவாங்குக்குக் கொடுப்பது வழக்கம். அக்கம்பக்கத்து நாடுகளை எல்லாம் விழுங்கி ஒரே பேரரசு ஆக்கியவர். எடைக்கல், அளவுகோல், எழுத்து வடிவம், வண்டி அச்சின் நீளம் வரை எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டார். மிச்சம் இருந்தது ஜனங்களின் மண்டை ஒன்றுதான். கி.மு. 213-இல் அரண்மனையில் ஒரு விருந்து நடந்தது. சாப்பிட்டோமா, கை கழுவினோமா என்று கிளம்பியிருக்க வேண்டிய ஒரு பண்டிதர், பழைய காலத்து ராஜாக்கள் பிள்ளைகளுக்கும் தம்பிகளுக்கும் நாட்டைப் பிரித்துக் கொடுத்தார்களே, நீங்களும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்டுவைத்தார். மன்னர் பிரதம மந்திரி லீ சூவைப் பார்த்தார். லீ சூ எழுந்தார். இந்த மனிதர் இப்படிப் பேசக் காரணம் பழசைப் படித்தது. பழசைப் படிக்கக் காரணம் புத்தகம். ஆகவே புத்தகத்தை ஒழித்தால் விருந்து நிம்மதியாக நடக்கும். அவருடைய தர்க்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை என்பதுதான் பயங்கரம்.

உத்தரவு வந்தது. கவிதையா, பழைய ஆவணமா, வேற்று நாட்டு வரலாறா, எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டு. அன்றைக்குக் காகிதம் கிடையாது; புத்தகம் என்றால் மூங்கில் சிம்புகளை நூலில் கோத்த சுருள். அடுப்புக்கென்றே செய்ததுபோல் எரியும். 30 நாளில் எரிக்காதவனுக்கு முகத்தில் பச்சை குத்திச் சுவர் கட்டும் வேலைக்கு அனுப்பு. பழைய கவிதையைப் பற்றி இரண்டு பேர் கூடிப் பேசினால் சந்தையில் வைத்துத் தலையை எடு. ஆனால் வைத்தியம், சோதிடம், மரம் வளர்ப்பு ஆகிய மூன்றுக்கும் விலக்கு. எழுத்தறிவை அறவே ஒழிக்கப் புறப்பட்ட அரசுக்கும் இருமல் வந்தால் கஷாயம் வேண்டும், காரியம் தொடங்க நல்ல நாள் வேண்டும். இன்றைக்கு நம் ஊர்ப் புத்தகக் கடையில் முன்வரிசையில் எவை அடுக்கியிருக்கின்றன என்று பாருங்கள். லீ சூ வந்தால் ஒன்றைக்கூட எடுக்காமல் திரும்பிப் போவார்.

இங்கேதான் அந்த எழுதாத வரி வருகிறது. இந்த முறை எழுதியே வைத்திருந்தார்கள்: அரசவைப் பண்டிதர்களின் பொறுப்பில் உள்ள பிரதிகளைத் தொட வேண்டாம். அதாவது புத்தகம் அழியவில்லை, அரசுடைமை ஆனது. ஏழு வருஷம் கழித்து, கி.மு. 206-இல், கலகப் படைத் தலைவன் ஷியாங் யூ தலைநகரத்துக்குள் புகுந்து அரண்மனைக்குத் தீ வைத்தான். மூன்று மாதம் எரிந்ததாக எழுதிவைத்திருக்கிறார்கள். அரசாங்கப் பிரதியும் அதோடு போயிற்று. எரிக்கச் சொன்ன அரசு பத்திரப்படுத்தியதை, விடுதலை செய்ய வந்தவன் எரித்தான். அதற்குள் லீ சூவும் போய்ச் சேர்ந்திருந்தார். அரண்மனைச் சதியில் சிக்கி, கி.மு. 208-இல் அவரை இடுப்போடு இரண்டாக வெட்டினார்கள்.

பிழைத்தது எது என்று பார்த்தால், ஃபூ ஷெங் என்ற கிழவரின் வீட்டுச் சுவர். தம்மிடம் இருந்த பழைய ஆவண நூலைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டு ஊரைவிட்டே ஓடியவர், சண்டை எல்லாம் ஓய்ந்த பிறகு வந்து சுவரை இடித்தார். பல பகுதிகள் போய், 29 மிஞ்சின. பின்னால் வந்த ஹான் மன்னர் இந்த நூல் தெரிந்தவர் யாராவது உண்டா என்று தேடியபோது இவருக்கு 90 வயது தாண்டிவிட்டது, நடக்க முடியவில்லை. அரசாங்க அதிகாரியை இவர் வீட்டுக்குப் பாடம் கேட்க அனுப்பினார்கள். புத்தகம் வைத்திருந்ததற்காக முகத்தில் பச்சை குத்தப்பட்டிருக்க வேண்டிய மனிதரின் திண்ணையில் உத்தியோகஸ்தர் கைகட்டி உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

தீ, நூலகம் என்றதும் தமிழ் வாசகருக்கு என்ன நினைவு வரும் என்று எனக்குத் தெரியும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின; ஓலைச்சுவடிகளும் போயின. எரித்தவர்கள் எதையும் படிக்கவில்லை, பட்டியல் போடவில்லை, தங்களுக்கென்று ஒரு பிரதி எடுத்து வைக்கவும் இல்லை. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்குக் கை வராது. நான் சிரிப்பது படித்துப் பார்த்து, அடிக்கோடிட்டு, கோப்பில் கட்டி, முத்திரை குத்தியவர்களைப் பார்த்து.

தீயைக் காட்சிப்பொருள் ஆக்கியவர் ஃப்ளாரன்ஸ் நகரத்துச் சாவனரோலா சாமியார். 1497 பிப்ரவரி 7 அன்று நகரச் சதுக்கத்தில் கண்ணாடி, சவுரி முடி, சீட்டுக்கட்டு, வாசனைத் தைலம், பொக்காச்சியோவின் புத்தகம் என்று கோபுரம் மாதிரி அடுக்கினார்கள். வெனிஸ் நகரத்து வியாபாரி ஒருவர் பார்த்தார். வியாபாரி கண்ணுக்குக் குவியல் என்றால் சரக்கு. மொத்தத்தையும் 22,000 பொற்காசுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று விலை பேசினார். பதில் என்ன தெரியுமா? அவருடைய உருவத்தையும் ஒரு படமாக வரைந்து குவியலோடு சேர்த்து எரித்தார்கள். அடுத்த வருஷமே அதே சதுக்கத்தில் சாவனரோலாவைத் தூக்கிலிட்டுக் கொளுத்தினார்கள்.

கொளுத்துவதெல்லாம் அரைநாள் வேலை. ரோமாபுரிக்காரர்கள் அதை நிரந்தர உத்தியோகம் ஆக்கினார்கள். 1559-இல் போப் நான்காம் பவுல் தடை நூல் பட்டியலை வெளியிட்டார். 1571-இல் அதற்கென்று தனி இலாகாவே வந்தது. இலாகா என்று வந்துவிட்டால் அப்புறம் அது சாகாது. 1966 வரை அந்தப் பட்டியல் உயிரோடு இருந்தது.

எதை எல்லாம் பார்த்தார்கள் என்பதைவிட எதை விட்டார்கள் என்பதுதான் ரசமானது. சார்லஸ் டார்வினின் பரிணாம நூல் பட்டியலில் ஏறவே இல்லை. அவருடைய தாத்தா எராஸ்மஸ் டார்வின் எழுதிய நூல் ஏறியது. பேரன் செய்யப்போகும் காரியத்துக்குத் தாத்தாவுக்கு முன்கூட்டியே தண்டனை. ஹிட்லரின் ‘மெயின் காம்ஃப்’ நூலை எடுத்துப் பரிசீலித்தார்கள், கடைசிவரை சேர்க்கவில்லை. விக்டர் ஹியூகோ மட்டும் தப்பவில்லை.

பொக்காச்சியோவின் ‘டெக்கமரான்’ கதைகளை முழுசாக ஒழிக்கவும் மனம் வரவில்லை. இத்தாலியப் பாஷையின் சொத்து அது. ஆகவே திருத்திய பதிப்பு என்று ஒன்று 1573-இல் வந்தது. கதையில் கள்ளத்தனம் செய்யும் கன்னியாஸ்திரீகள் சீமாட்டிகள் ஆனார்கள், துறவிகள் மந்திரவாதிகள் ஆனார்கள். கள்ளத்தனம் மட்டும் அப்படியே இருந்தது. பாவத்தில் ஆட்சேபணை இல்லை, பாவம் செய்தவரின் உடுப்பில்தான் ஆட்சேபணை. நம் சினிமாவில் வில்லனின் ஜாதி, தொழில், கரைவேட்டி நிறம் ஆகியவற்றை மாற்றச் சொல்லும் பெரியவர்களுக்கு இந்த 1573-ஆம் வருஷத்துப் பதிப்பை நான் சிபாரிசு செய்வேன்.

கோப்பர்நிகஸ் விவகாரம் இன்னும் அழகு. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற அவருடைய புத்தகம் வந்தது 1543-இல். ஆளும் அதே வருஷம் இறந்துவிட்டார். ரோமாபுரி இலாகா விழித்துக்கொண்டது 1616-இல். 73 வருஷத் தாமதம் நம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கே பாடம் சொல்லும். ‘திருத்தும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது’ என்றார்கள். திருத்தம் வர மேலும் நாலு வருஷம். 1620-இல் வந்த சுற்றறிக்கையில் பத்து இடங்களை மாற்றச் சொல்லியிருந்தது. பூமி நகர்கிறது என்று தீர்மானமாகச் சொல்லும் இடத்தில், நகர்வதாக ஓர் அனுமானம் என்று போட்டுக்கொள்ளவும். அத்தியாயத் தலைப்பிலும் அப்படியே. பூமியையும் நட்சத்திரக் கணக்கில் சேர்த்த வரியை அடிக்கவும். புத்தகம் வைத்திருப்பவர்கள் அவரவர் பேனாவால் அடித்துக்கொள்ள வேண்டியது.

இதை எத்தனை பேர் மதித்தார்கள் என்று அமெரிக்க வானியலாளர் ஓவன் கிங்கரிச் பிற்காலத்தில் ஊர் ஊராகப் போய், மிஞ்சியிருந்த பிரதிகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இத்தாலியில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் அடித்திருந்தது. மற்ற நாடுகளில் சீந்துவாரே இல்லை. ஃப்ளாரன்ஸில் கலிலியோ வைத்திருந்த சொந்தப் பிரதியும் அவருக்குக் கிடைத்தது. அதிலும் திருத்தம் இருக்கிறது, விசுவாசமாக. ஆனால் மெல்லிசாக ஒரே ஒரு கோடு. கீழே உள்ள எழுத்து பளிச்சென்று படிக்க வருகிறது. சட்டத்தை மீறாமல் சட்டத்துக்கு நாக்கைத் துருத்திக் காட்டுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் இல்லை.

பட்டியல் போடுவதில் உள்ள பெரிய சிக்கலை வியன்னாக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஆஸ்திரிய அரசு தன் பங்குக்குத் தடை நூல் பட்டியல் ஒன்றை அச்சிட்டு வந்தது. ஜனங்கள் அதை ஆவலோடு வாங்கினார்கள். எந்தப் புத்தகத்தைத் தேடிப் படிக்க வேண்டும் என்று இவ்வளவு அக்கறையாக, அகரவரிசையில், அரசுச் செலவில் வேறு யார் சொல்வார்கள்? விஷயம் தெரிந்ததும் அரசு ஒரு முடிவு எடுத்தது. 1777-இல் தடை நூல் பட்டியலையே தடை நூல் பட்டியலில் சேர்த்தது.

இனி லண்டன். அங்கே எரிக்கிற வழக்கம் குறைவு, நாசூக்கான ஜாதி. 1737-இல் பிரதமர் வால்போல் நாடக மேடையில் தினம் தினம் அடிவாங்கிக்கொண்டிருந்தார். அடித்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி ஃபீல்டிங். ஒரு நாள் வால்போல் கையில் ஒரு நாடகப் பிரதியோடு பாராளுமன்றத்துக்கு வந்தார். பெயர் ‘தங்கப் பிருஷ்டம்’. ராஜாவின் பின்புறம்தான் கதைப்பொருள். ஐயையோ, எவ்வளவு ஆபாசம் பாருங்கள் என்று அதிலிருந்து வாசித்தே காட்டினார். சபை அதிர்ந்து சட்டத்தை நிறைவேற்றியது. அந்த நாடகம் ஒருமுறைகூட மேடை ஏறவில்லை. அச்சாகவும் இல்லை. ஒரு பிரதிகூட இன்றைக்குக் கிடைக்கவில்லை. வால்போலே காசு கொடுத்து எழுத வைத்தார் என்று அப்போதே ஊர் பேசிற்று. ‘அரசாங்கத்துக்கு ஒரு பிரதி’ என்ற நம் விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. காரணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டம் வந்ததும் ஃபீல்டிங்கின் பிழைப்பு போயிற்று. என்ன செய்வார்? சட்டம் படித்தார். ஒழிந்த நேரத்தில் நாவல் எழுதினார். 1749-இல் வந்த ‘டாம் ஜோன்ஸ்’ அவருடையதுதான். அதோடு நிற்கவில்லை, லண்டனில் மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்து போலீஸ் படை ஒன்றுக்கு அடித்தளம் போட்டார். தணிக்கைச் சட்டத்தின் உபயத்தால் ஆங்கில இலக்கியத்துக்கு ஒரு நாவலாசிரியரும் திருடர்களுக்கு ஒரு தலைவலியும் கிடைத்தன.

அந்தச் சட்டப்படி எந்த நாடகமும் அரண்மனையின் லார்ட் சேம்பர்லின் அனுமதி இல்லாமல் மேடை ஏற முடியாது. இந்த மனிதரின் அசல் வேலை ராஜ குடும்பத்துக் கல்யாணம், சாவு, தோட்டத்து விருந்து ஆகியவற்றை நடத்துவது. நடுவில் இலக்கிய விமர்சனமும் செய்ய வேண்டும். அவருக்குக் கீழே படித்துப் பார்க்க ஒரு பரிசோதகர். பிற்காலத்தில் படிக்கிற கூலியை நாடகக் கம்பெனியே கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். கத்தியையும் கொடுத்து வெட்டுக்கூலியையும் கொடுக்கிற ஏற்பாடு.

1778 முதல் 1824 வரை ஜான் லார்ப்பண்ட் என்பவர் பரிசோதகர். உத்தியோகம் அவருக்கு, வாசிப்பில் பெரும் பங்கு அவர் மனைவி அன்னாவுக்கு. அந்த அம்மாளுக்கு இத்தாலிய மொழியும் தெரியும், ஆகவே இசை நாடகங்களும் அவர் தலையில். எதைப் படித்தோம், எது எப்படி இருந்தது என்று நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். லார்ப்பண்ட் நாடகப் பிரதிகளை எல்லாம் வீட்டிலேயே சொந்தச் சொத்துபோல வைத்திருந்தார். அவர் போன பிறகு அன்னா அம்மாள் மொத்தத்தையும் விலைக்குக் கொடுத்துவிட்டார். அவை கைமாறிக் கைமாறி இன்று கலிபோர்னியாவில் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன. 1824-க்குப் பிந்தையவை பிரிட்டிஷ் நூலகத்தில். அந்தக் காலத்தில் எந்தக் கம்பெனி தன் நாடகத்தைக் கட்டிக் காப்பாற்றியது? கூடாரத்தோடு போன நாடகங்கள் எத்தனையோ. வெட்ட வந்தவர் வைத்திருந்த பிரதிகளால்தான் ஆங்கில நாடக வரலாற்றை எழுதுகிறார்கள்.

அன்னாவைப் போல இன்னொரு பெண்மணி ஹென்றியட்டா பௌட்லர். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் குடும்பத்தோடு உட்கார்ந்து வாசிக்கக் கூடாத இடங்களை எல்லாம் கத்தரித்து 1807-இல் 20 நாடகங்களை வெளியிட்டார். பெயர் போட்டுக்கொள்ளவில்லை. போட்டால் கல்யாணமாகாத ஒரு சீமாட்டிக்கு அந்த இடங்கள் எல்லாம் புரிந்திருக்கின்றன என்று ஒப்புக்கொண்டது ஆகிவிடுமே. 1818-இல் பெரிய பதிப்பு வந்தபோது தம்பி தாமஸ் பெயரில் வந்தது. புகழும் பழியும் தம்பிக்கு. ‘ஒத்தெல்லோ’வை எவ்வளவு கத்தரித்தும் உருப்படவில்லை. கடைசியில் தாமஸ் கைவிரித்து, இதைக் கூடத்தில் வைக்காதீர்கள், உள் அறைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னார்.

சேம்பர்லின் ஆபீஸ் 231 வருஷம் ஓடியது. சோஃபக்ளீஸின் ‘ஈடிப்பஸ்’ நாடகத்துக்கு 1910 வரை அனுமதி இல்லை. பல்கலைக்கழகத்தில் அதே நாடகத்தைக் கிரேக்கத்தில் படித்துப் பரீட்சை எழுதலாம். தாயை மணந்தவன் கதை கிரேக்கத்தில் இருந்தால் கல்வி, ஆங்கிலத்தில் நடித்தால் கேடு. 1907-இல் ஜப்பானிய இளவரசர் ஃபுஷிமி வருகிறார், மனம் நோகும் என்று ‘மிகாடோ’ என்ற பழைய இசை நாடகத்தை நிறுத்தினார்கள். அது ஜப்பானைச் சாக்காக வைத்து இங்கிலாந்தையே கிண்டல் செய்வது. துறைமுகத்தில் நின்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் பேண்டு வாத்தியக்காரர்கள் அந்த நாடகத்துப் பாட்டுகளைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்களாம்.

1930-களில் விண்ட்மில் தியேட்டரில் நிர்வாணப் பெண்களை மேடையில் நிறுத்த அனுமதி கேட்டார்கள். அப்போதைய சேம்பர்லின் குரோமர் பிரபு யோசித்து ஒரு தீர்ப்பு சொன்னார்: அசையக் கூடாது. அருங்காட்சியகத்தில் சிலை துணி கட்டிக்கொண்டா நிற்கிறது? அசையாமல் நின்றால் கலை, அசைந்தால் ஆபாசம். அந்தப் பெண்கள் தும்மலை அடக்கிக்கொண்டு கலைக்குத் தொண்டு செய்தார்கள். 1968 செப்டம்பர் 26-இல் இந்த அதிகாரம் ஒழிந்தது. மறுநாளே ‘ஹேர்’ நாடகம் அரங்கேறியது. அதில் நிர்வாணமும் உண்டு, மறைக்க ஒன்றும் இல்லாமல்.

புத்தகப் பக்கமும் ஒரு பெரிய மனிதரைச் சொல்லாமல் விட முடியாது. ஹென்றி ஸ்பென்சர் ஆஷ்பி, வியாபாரி. அவரிடம் ‘டான் கிகோட்டே’ பதிப்புகளின் அபூர்வச் சேகரிப்பு இருந்தது. பிரிட்டிஷ் மியூசியம் அதன் மேல் கண் வைத்திருந்தது. அவரிடம் அதே அளவு பிரசித்தமான காமநூல் சேகரிப்பும் இருந்தது. மியூசியம் அதன் மேல் கண் வைத்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. 1900-இல் ஆஷ்பி இறந்தபோது உயிலில் ஒரு நிபந்தனை: இரண்டையும் சேர்த்து எடுத்தால்தான் உண்டு. மியூசியம் பெருமூச்சு விட்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டது. காமநூல்கள் தனி அலமாரியில் பூட்டப்பட்டன. பல பத்தாண்டுகளுக்குப் பொதுப் பட்டியலில் அந்த அலமாரியைப் பற்றி மூச்சே கிடையாது. பாரிஸ் தேசிய நூலகத்தில் இதே மாதிரி அலமாரிக்கு ‘நரகம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவர்களாவது வெளிப்படையாக இருந்தார்கள்.

லண்டன் சரக்கு கல்கத்தாவில் இறங்கிய கதைதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்தது. 1876 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவில் இருந்தார். ஜகதானந்த முகர்ஜி என்ற அரசு வக்கீல் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து, அந்தப்புரத்துப் பெண்களை விட்டு ஆரத்தி வரவேற்பு கொடுத்தார். ஊர் கொதித்தது. கிரேட் நேஷனல் தியேட்டர்காரர்கள் கொதிக்கவில்லை, நாடகம் போட்டார்கள். ஜகதானந்தர் நாடகத்தில் ‘கஜதானந்தர்’ ஆனார். போலீஸ் நிறுத்தியது. அதே நாடகம் ‘அனுமான் சரித்திரம்’ என்று பெயர் மாற்றி வந்தது. பக்தி நாடகத்தை நிறுத்துவதா? அதையும் நிறுத்தினார்கள். அப்போது போலீஸ் கமிஷனர் பெயர் ஹாக். சூப்பரின்டெண்ட் பெயர் லேம்ப். ஆங்கிலத்தில் முன்னது பன்றி மாதிரி ஒலிக்கும், பின்னது ஆட்டுக்குட்டி. கடவுள் இவ்வளவு தாராளமாகக் கொடுக்கும்போது கலைஞன் எப்படிச் சும்மா இருப்பான்? ‘பன்றி ஆட்டுப் போலீஸ்’ என்று அடுத்த நாடகம் வந்தது.

வைஸ்ராய் நார்த்புரூக் பிப்ரவரி 29-இல் அவசரச் சட்டம் போட்டார். நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் நாளாகப் பார்த்துப் போட்டதற்குப் பதில் அந்தச் சட்டமும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை அமலில் இருந்திருந்தால் தேவலை. மார்ச் 4-இல் தியேட்டருக்குள் புகுந்து, வேறொரு நாடகம் ஆபாசம் என்று சொல்லி உபேந்திரநாத் தாஸ், அமிர்தலால் போஸ் உட்பட ஆட்களைப் பிடித்தார்கள். இருவருக்கும் ஒரு மாதச் சிறை. உயர்நீதிமன்றம் இதில் ஆபாசம் எங்கே என்று கேட்டு விடுவித்தது. நீதிமன்றம் விட்டால் என்ன, சட்டம் இருக்கிறதே. அந்த வருஷம் முடிவதற்குள் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் நிரந்தரமானது. ஹாக் துரை பெயரில் கல்கத்தாவில் ஒரு சந்தையே இன்னும் இருக்கிறது. அதில் ஆட்டிறைச்சியும் கிடைக்கும்.

அந்தச் சட்டம் சென்னை மாகாணத்திலும் நன்றாக வேலை செய்தது. வெ. சாமிநாத சர்மா எழுதிய ‘பாணபுரத்து வீரன்’ தடையானது, டி.கே.எஸ். சகோதரர்கள் அதைத் ‘தேசபக்தி’ என்ற பெயரில் போட்டார்கள். கல்கத்தா அனுமான் வித்தை தமிழ்நாட்டிலும் பலித்தது. விஸ்வநாத தாஸ் ‘வள்ளி திருமணம்’ நடத்தினால் முன்வரிசையில் போலீஸ் இருக்கும். தினைப்புனம் என்றால் பறவை வரத்தான் செய்யும். வெள்ளைக் கொக்கு வரக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கொக்கைப் பற்றிப் பாடுவார், சபை கைதட்டும், போலீஸ் மேடை ஏறும். முருகன் வேஷத்தோடேயே கைதாவார். வள்ளியை மணக்க வந்த முருகன் லாக்கப்புக்குப் போனது எந்தப் புராணத்திலும் இல்லாத காட்சி.

பத்திரிகைகளையும் புத்தகங்களையும் படிக்க அரசு மொழிபெயர்ப்பாளர் என்று ஓர் உத்தியோகம் இருந்தது. 1867-ஆம் வருஷச் சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு புத்தகமும் அரசுக்கு வர வேண்டும். தமிழ்ப் பத்திரிகைகளைப் படித்து, ராஜத்துரோக வாடை அடிக்கும் இடங்களை ஆங்கிலத்தில் சுருக்கி வாராவாரம் ரகசிய அறிக்கை கொடுக்க வேண்டும். தமிழ் எழுத்தாளனுக்கு ஒரு வரி விடாமல் படிக்கிற வாசகர் ஒருவராவது நிச்சயம் என்ற காலம் அது ஒன்றுதான். இன்றைக்கு எழுதுகிற பலர் அப்படி ஓர் ஆள் கிடைத்தால் சம்பளத்தில் பாதியைத் தாங்களே தரத் தயாராக இருப்பார்கள்.

பாரதியை அவர் உயிரோடு இருந்தபோது விரட்டியது போதாதென்று, 1928-இல் அவர் பாடல் புத்தகங்களைப் பறிமுதல் செய்தார்கள். அவர் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. முதலில் தடை போட்டது பர்மா அரசு. ரங்கூனில் உட்கார்ந்திருந்தவருக்கு இது அபாயம் என்று தோன்றினால் நமக்குத் தோன்றாமல் போனால் கேவலமில்லையா என்று சென்னை அரசும் பின்தொடர்ந்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி போட்ட போட்டில் தடையின் மானம் போயிற்று; பாடல்கள் இன்னும் வேகமாக ஊரைச் சுற்றின. அந்தக் காலத்தில் பறிமுதலான துண்டுப் பிரசுரங்கள், நாலணாப் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் எங்கே? வெளியிட்டவர் வீட்டில் கரையான் தின்றது. பிரிட்டிஷ் நூலகத்தில் ‘தடை செய்யப்பட்டவை’ என்ற தலைப்பின் கீழ், எண் போட்டுப் பத்திரமாக இருக்கின்றன. தேச பக்தியில் நாம் தொலைத்ததைத் தேசத் துரோகிகளைப் பிடிக்க வந்தவர் காப்பாற்றினார்.

வெள்ளைக்காரன் போன பிறகும் சட்டம் போகவில்லை. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகத்தைச் சமாளிக்க அது போதாது என்று 1954-இல் சென்னை அரசு சொந்தமாக ஒரு நாடகச் சட்டமே இயற்றியது. ஒரு தனி மனிதருக்காக ஒரு சட்டம். ராதாவோ, மனம் புண்படுகிறவர்கள் என் நாடகத்துக்கு வரவே வேண்டாம் என்று விளம்பரத்திலேயே போட்டவர். இதைவிடச் சுருக்கமாக ஒரு தணிக்கை விதியை யாரும் எழுதிவிட முடியாது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் நீதிபதி சந்துரு அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தார். கல்கத்தா பன்றி ஆட்டுக்காக வந்த 1876 சட்டத்தை மத்திய அரசு நீக்கியது 2018 ஜனவரியில்.

ஜெர்மனியில் 1933 மே 10-இல் நடந்ததில் சிரிக்க அதிகம் இல்லை. ஆனால் பட்டியல் போட்டவரைப் பற்றி ஒரு வார்த்தை. எரிப்புக்கு அடிப்படையான கறுப்புப் பட்டியலைத் தயாரித்தவர் வொல்ஃப்காங் ஹெர்மன் என்ற இளம் நூலகர். அவர் அதற்கு முந்தின வருஷம் ‘மெயின் காம்ஃப்’ நூலில் சொந்தச் சிந்தனை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார். பின்னால் யாரோ அதைத் தோண்டி எடுக்க, கட்சிக்காரர்கள் மனிதரைப் பாடாய்ப் படுத்தினார்கள். இன்னொரு பக்கம், ஆஸ்கர் மரியா கிராஃப் என்ற எழுத்தாளருக்குத் தீராத அவமானம். அவருடைய புத்தகங்களை எரிக்காமல், படிக்கத்தக்கவை என்று சிபாரிசு செய்துவிட்டார்கள். என்னையும் எரியுங்கள் என்று வியன்னாப் பத்திரிகையில் எழுதினார். பிறகு அவர் விருப்பத்தை நிறைவேற்றினார்கள்.

கடைசியாக ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’. நியூயார்க்கில் அதைத் தொடராக வெளியிட்ட பத்திரிகையின் பெண் ஆசிரியர்கள் இருவர் மேல் 1921-இல் வழக்கு. ஆட்சேபமான இடத்தை நீதிமன்றத்தில் வாசிக்கப் போனபோது, இங்கே பெண்கள் இருக்கிறார்களே என்று ஒரு நீதிபதி தடுத்தார். அந்த அம்மாள்தான் ஐயா பதிப்பாளர் என்றார் வக்கீல். என்ன வெளியிடுகிறோம் என்று அவருக்குப் புரிந்திருக்காது என்றார் நீதிபதி. புரியாத குற்றத்துக்கு ஆளுக்கு 50 டாலர் அபராதம். இங்கிலாந்தில் அரசு வழக்கு இயக்குநர் ஆர்ச்சிபால்ட் பாட்கின், 700 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகத்தில் 690 முதல் 732 வரை மட்டும் படித்தேன் என்று எழுதிவைத்துத் தடைக்கு வழி செய்தார். நல்ல இடம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். விடுதி அறையில் ஒரே புத்தகத்தைப் பத்துப் பேர் படிக்கிற பையன்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் சம்பளம்தான்.

1932-இல் ரேண்டம் ஹவுஸ் பதிப்பகம் இந்தப் புத்தகத்தை அமெரிக்காவில் அச்சிட விரும்பியது. அச்சிட்ட பிறகு வழக்கு வந்தால் நஷ்டம். ஆகவே பாரிஸிலிருந்து ஒரே ஒரு பிரதியை வரவழைத்து, சுங்கத் துறையிடம் மாட்டிக்கொண்டு, அந்தப் பிரதியின் மேல் வழக்காடுவது என்று திட்டம். புத்தகத்தைப் பாராட்டி வந்த கட்டுரைகளை வெட்டி அட்டைக்குள் ஒட்டினார்கள்; பறிமுதல் ஆகும்போது அவையும் சாட்சியத்தோடு சேர்ந்துவிடும் அல்லவா? எல்லாம் சரி, சுங்க அதிகாரிதான் ஒத்துழைக்கவில்லை. இதை எல்லோரும்தான் கொண்டு வருகிறார்கள், நாங்கள் கண்டுகொள்வதில்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். பதிப்பகத்தின் ஆள் விடவில்லை. நீங்கள் பறிமுதல் செய்தே ஆக வேண்டும் என்று மன்றாடிப் பறிமுதல் செய்யவைத்தார். தடைக்கு மனுப் போட்டு வாங்கிய ஒரே பதிப்பகம் அதுவாகத்தான் இருக்கும்.

நீதிபதி ஜான் வூல்சி பாட்கினைப் போல இல்லை. முழுப் புத்தகத்தையும் உட்கார்ந்து படித்தார். 1933 டிசம்பரில் தீர்ப்பு. இதைப் படித்தால் சில இடங்களில் குமட்டலாம், ஆசை மட்டும் கிளம்பாது என்பது அதன் சாரம். எந்த எழுத்தாளனும் தன் நூலுக்கு இப்படி ஒரு மதிப்புரை கேட்டிருக்க மாட்டான். ஆனால் விடுதலை விடுதலைதான். பறிமுதலான அந்தப் பிரதி கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஒட்டிய காகிதங்களோடு. பதிப்பகம் தீர்ப்பை முழுசாகத் தன் பதிப்பின் முன்பக்கங்களில் அச்சிட்டது. 690-ஆம் பக்கத்தைத் தேடி ஆசையோடு வாங்கி வந்தவர்கள், அட்டையைத் திருப்பியதும் முதலில் ஒரு நீதிபதியைக் கடந்து போக வேண்டியிருந்தது.